பழைய மினிக்கு 13 அங்குல வீல் போடலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. கொழும்பில் 1976-ஆம் வருட மினி 1000 வைத்திருக்கிறீர்கள். 998 சிசி இன்ஜின், நாலு பக்கமும் டிரம் பிரேக், கம்பெனி போட்ட 10 அங்குல ஸ்டீல் வீல். ஒருவர் 7 அங்குல அகலமுள்ள 13 அங்குல அலாய் வீல் ஒரு செட் மலிவாகத் தருகிறேன் என்கிறார். நாலு போல்ட், பி.சி.டி. (போல்ட் ஓட்டைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம்) 100 மில்லிமீட்டர். "மினிக்கு 101.6, ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்தானே, ஏறிவிடும்" என்றும் சொல்கிறார். அடிக்கடி நுவரெலியா போய் வருகிறீர்கள். போடலாமா, போட்டால் வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?

அந்த செட்டை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மினியில் பெரிய வீல் போட நல்ல காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றைத்தான்: உள்ளே பெரிய பிரேக் வைக்க இடம் வேண்டும் என்பது. பிரேக்கை மாற்றப் போகிறீர்கள் என்றால் 12 அங்குலத்துக்குப் போங்கள். மாற்றப் போவதில்லை என்றால் 10-லேயே இருந்து நல்ல டயராகப் போடுங்கள். பார்வைக்காக 13 போடுவது, அதுவும் உங்கள் கார் இப்போது இருக்கும் நிலையில், அதன் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகக் கெடுக்கும்.

இந்தக் காருக்கு ஏன் இவ்வளவு சின்ன வீல் வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். 1959-இல் வந்த மினியின் மொத்த நீளம் 3.05 மீட்டர்தான். அதற்குள் நாலு பேரும் அவர்கள் சாமானும் போக வேண்டும் என்பதில் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பிடிவாதமாக இருந்தார். இன்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே சேர்த்தார். வீலைப் பத்து அங்குலமாகச் சுருக்கியதால் வீல் ஆர்ச், அதாவது வீலைச் சுற்றியுள்ள தகர வளைவு, உள்ளே புகுந்து இடத்தைத் தின்னவில்லை. அந்த அளவில் காருக்கான டயர் கிடைக்காததால் டன்லப் இதற்காகவே செய்து கொடுத்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த ரப்பர் கோன். இது மிகவும் விறைப்பானது. நெம்புகோல் விகிதம் முன்னால் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று, பின்னால் ஐந்துக்கு ஒன்று. அதாவது பின் வீல் ஐந்து சென்டிமீட்டர் ஏறினால் ரப்பர் ஒரு சென்டிமீட்டர்தான் அமுங்கும். அதனால் ரோட்டின் சின்னச் சின்ன அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு டயரின் பக்கச் சுவருக்கு, நாம் சைட்வால் என்கிறோமே, அதற்குத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் காருக்கு உரிய ரேடியல் 145/80ஆர்10. சைட்வால் உயரம் 145-இல் 80 சதவீதம், 116 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்துக்கு 232, அதோடு பத்து அங்குலத்துக்கு 254. மொத்த விட்டம் 486. கம்பெனியே 1984 முதல் எல்லா மினிக்கும் போட்ட 12 அங்குல டயர் 145/70ஆர்12. அதன் சைட்வால் 101.5, விட்டம் கிட்டத்தட்ட 508. அகலமான 12 அங்குல ரிம்மில் பலர் போடும் 165/60ஆர்12-க்கு சைட்வால் 99, விட்டம் 503. கடைசிக் காலத்து 13 அங்குல மினிக்கு வந்த 175/50ஆர்13-க்கு சைட்வால் 87.5, விட்டம் 505.

கவனித்தீர்களா, 12-க்கும் 13-க்கும் வெளி விட்டத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆர்ச்சுக்குள் அதைவிடப் பெரிதாக எதுவும் சுலபமாகப் போகாது. ஆக, ரிம் ஓர் அங்குலம் கூடும்போது அந்த இடம் ரப்பரிலிருந்துதான் போகிறது. 10-இலிருந்து 13-க்குப் போனால் சைட்வாலில் 28 மில்லிமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். ஏற்கெனவே விறைப்பான காரில், பள்ளம் விழுந்த ரோட்டில், அந்த 28 மில்லிமீட்டர் இல்லாததை உங்கள் முதுகு சொல்லிவிடும். ரிம் விளிம்பு வளைவது, அலாய் விரிசல் விடுவது எல்லாம் அதற்கு அப்புறம் வருவது.

விட்டம் 486-இலிருந்து 508 ஆனால் வேறு சிலதும் மாறும். கார் 11 மில்லிமீட்டர் உயரும், அது பெரிய விஷயமில்லை. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். முள் 60-இல் நிற்கும்போது நிஜ வேகம் 62.7 ஆக இருக்கும். கியர் எல்லாமே நாலரை சதவீதம் உயர்ந்தது போல ஆகும். சமதரையில் இன்ஜின் சற்று அமைதியாக ஓடுவது நன்றாகவே இருக்கும். ஆனால் உங்களுடையது நாற்பது குதிரைத்திறன் அளவில் உள்ள 998. நுவரெலியா வழியில் ரம்பொடைப் பக்கம் நாலு பேரோடு ஏறும்போது மூன்றாவது கியரில் இழுத்த இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டி வரலாம். 12-க்குப் போவதானாலும் இது தெரிந்து போங்கள்.

டயர் கடையில் நடக்கும் ஒரு தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 அங்குலத்துக்கு மாறுபவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. மாருதி 800-க்கு வந்த 145/70ஆர்12-தான் மினிக்கும் உரிய அளவு, அதனால் தேடி அலைய வேண்டாம். ஆனால் ஆல்டோ 800-க்கு வந்தது 145/80ஆர்12. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, கடைக்காரரும் "எல்லாம் பன்னிரண்டுதான்" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். 80-ஐப் போட்டால் விட்டம் 537 ஆகிவிடும், உங்கள் பழைய டயரைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் பெரிது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசும், மேட்டில் இன்ஜின் திணறும், ஸ்பீடோமீட்டரை நம்பவே முடியாது. நடுவில் இருக்கும் அந்த 70-ஐப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அகலத்துக்கு வருவோம். உங்கள் ஸ்டீல் ரிம்மின் அகலம் மூன்றரை அங்குலம். அவர் தருவது ஏழு. இரண்டு மடங்கு. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) ஒன்றாகவே இருந்தால் கூடுகிற மூன்றரை அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர், உள்ளே பாதி வெளியே பாதியாகப் பிரியும். உள்பக்கம் நாற்பத்து நாலு மில்லிமீட்டருக்கு மினியில் இடம் கிடையாது. சஸ்பென்ஷன் ஆர்ம், டை பார், உள் மட்கார்டு எல்லாம் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. அதனால் இந்த மாதிரி ரிம்களின் அகலத்தை எல்லாம் வெளிப்பக்கம் தள்ளித்தான் வார்க்கிறார்கள். பார்வைக்கு ஆழமான கிண்ணம் போல அழகாகத் தெரிவது அதனால்தான்.

வெளியே தள்ளிய வீல் என்ன செய்யும்? முன் வீல் திரும்புவது மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் சேர்க்கும் கோட்டைச் சுற்றி. அந்தக் கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் குறைவாக இருக்கும்வரைதான் மினியின் ஸ்டியரிங் விரல் நுனியில் பேசும். டயரை வெளியே தள்ளினால் அந்தத் தூரம் கூடும். வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங் கனக்கும், ஒரு வீல் பள்ளத்தில் விழுந்தால் கையில் வெடுக்கென்று இழுக்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கார் பக்கம் பார்க்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், அடிக்கடி மாற்ற வேண்டி வரும். ஸ்பேசர் வைத்து வீலை வெளியே தள்ளுவதும் இதே கதைதான். மினியை மினியாக்குவது அந்த ஸ்டியரிங். அதைக் கொடுத்துவிட்டு எந்த வீலை வாங்கினாலும் எனக்கு நஷ்டமாகத்தான் படுகிறது.

இனி அந்த ஒன்றரை மில்லிமீட்டர். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான். மினியின் பி.சி.டி. சரியாக நாலு அங்குலம், 101.6 மில்லிமீட்டர். 100 பி.சி.டி. ரிம்மை மாட்டினால் ஒவ்வொரு ஓட்டையும் அதன் ஸ்டட்டிலிருந்து, அதாவது ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பியிலிருந்து, 0.8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் ரிம் ஏறிவிடும், நட்டும் பூட்டிவிடும். ஆனால் நட்டின் கூம்பு முனை ரிம்மில் உள்ள கூம்புக் குழியில் முழு வட்டமாக உட்காராது, ஒரு பக்க விளிம்பில் மட்டும் அழுத்தி நிற்கும். டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், அது காட்டுவது அந்த விளிம்பின் உராய்வை. ஓடும்போது அலாய் அந்த இடத்தில் நசுங்கும், நட் தளரும், இல்லையென்றால் ஒரு பக்கமாக இழுபடும் ஸ்டட் களைத்து முறியும்.

நேரில் பார்க்க வேண்டுமா? எந்த செட்டை வாங்கப் போனாலும் இதைச் செய்யுங்கள். காரை ஜாக்கில் தூக்கி, ரிம்மை மாட்டி, ஒரே ஒரு நட்டைக் கையால் முழுக்கத் திருகி உட்கார வையுங்கள். பிறகு நேர் எதிரே உள்ள ஸ்டட்டைப் பாருங்கள். சரியான ரிம்மில் அந்த ஸ்டட் ஓட்டையின் நடுவில் நிற்கும், இரண்டாவது நட் விரலாலேயே கடைசிவரை போகும். 100 ரிம்மில் வித்தியாசம் முழுதும் அந்தப் பக்கம் சேர்ந்து 1.6 மில்லிமீட்டராகத் தெரியும். ஸ்டட் ஓட்டையின் ஓரத்தில் ஒட்டி நிற்கும், நட் பாதியிலேயே பிடித்து முறுக்கும். வாங்கும் இடத்தில் கார் இல்லையென்றால் வெர்னியர் காலிப்பர் போதும். ஓர் ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்புவரை அளந்தால் நாலு ஓட்டை ரிம்மில் அதுவே பி.சி.டி. ஓட்டையைச் சற்றுத் தேய்த்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்று லேத்துக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்படியானால் 13 அங்குலம் மினிக்கு ஆகவே ஆகாதா என்றால், கம்பெனியே போட்டிருக்கிறது. 1996-க்குப் பிந்தைய மினிகளில் ஸ்போர்ட்ஸ்பேக் என்ற பெயரில் 6 அங்குல அகல 13 வந்தது. ஆனால் அதோடு அகலமான ஆர்ச், ஸ்டியரிங் முழுக்கத் திரும்பாமல் நிறுத்தும் ரேக் எல்லாம் சேர்ந்து வந்தன. அந்தக் கார்கள் யூ-டர்ன் அடிக்கக் கூடுதல் இடம் கேட்கும். உங்கள் காரில் அதைச் செய்ய ஆர்ச் விளிம்பையும் அதன் ஓரத்து மடிப்பையும் வெட்ட வேண்டும். 1976-இன் தகரம் இன்னும் நல்லபடியாக இருக்கிறது என்றால் அதில் கட்டிங் வீலை வைக்காதீர்கள். வெட்டிய மடிப்பில்தான் முதலில் துரு பிடிக்கும், வெட்டியதைத் திரும்ப ஒட்டுவது வெட்டியதைவிடப் பல மடங்கு வேலை.

இப்போது பிரேக். உங்களுக்கு நான் நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனென்றால் நீங்கள் நுவரெலியா போகிறவர். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே கீழே போகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். டிஸ்க்கில் சூடு காற்றில் போய்விடும், விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். மினிக்கு வந்த டிஸ்க்குகளில் கூப்பர் எஸ் என்ற வேக மாடலின் 7.5 அங்குலம் 10 அங்குல வீலுக்குள் அடங்கும். 8.4 அங்குலம் அடங்காது, டிஸ்க்கில் பேடை அழுத்தும் கேலிப்பர் இடிக்கும். 1974-இல் 1275 ஜிடி என்ற மினி மாடலுக்கும், 1984-இல் எல்லா மினிக்கும் 12 அங்குல வீல் வந்தபோது இந்த 8.4 டிஸ்க்கும் கூடவே வந்தது. வீல் வளர்ந்ததற்குப் பின்னால் பிரேக்கும் இருந்தது என்று நான் சொல்வது அதனால்தான்.

மாற்றுவதானால் 1984-க்குப் பிந்தைய காரின் முன் ஹப் செட்டை முழுதாக வாங்குங்கள்: ஸ்விவல் ஹப், டிரைவ் ஃபிளேஞ்ச், டிஸ்க், கேலிப்பர், அதோடு டிஸ்க் காருக்கு உரிய சி.வி. ஜாயின்ட் (திரும்பும் வீலுக்கு இன்ஜின் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). டிரம் காரின் சி.வி. ஜாயின்ட் சிறியது, டிஸ்க் ஹப்பில் அதைப் போட முடியாது. இது தெரியாமல் ஹப்பை மட்டும் வாங்கிவிட்டு நடுவழியில் நிற்பவர்கள் நிறைய. மாஸ்டர் சிலிண்டரும், பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் புது முன் பிரேக்குக்குப் பொருந்துகிறதா என்று மினி தெரிந்த ஒருவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் பொருந்தாவிட்டால் ஈர ரோட்டில் பின் வீல் முதலில் பூட்டிக்கொள்ளும், கார் சுழன்றுவிடும். பின்னால் அந்த வருடக் கார்களின் டிரம்மில் ஸ்பேசர் சேர்த்தே வார்த்திருப்பார்கள். அதையே வாங்கிப் போட்டால் முன்னும் பின்னும் இடது வலது வீல்களுக்கு நடுவே உள்ள அகலம் சரியாக வரும், தனி ஸ்பேசர் தேவையில்லை.

இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பிரேக், கடைசியில் வீல். புது ஹப்பில் வீல் உட்காரும் இடம் பழையதைவிட மாறியிருக்கும், ஆகவே அதன்பின் எடுத்த அளவை வைத்துத்தான் ரிம் வாங்க வேண்டும். நாலரை அங்குல ஸ்டீல் 12-இல் 145/70, அல்லது ஐந்து அங்குல அலாயில் 165/60. உங்கள் ரோட்டுக்கு என் ஓட்டு முதலாவதுக்கு. ஐந்து அங்குலம் போட்டால் 1984 கார்களுக்கு வந்தது போன்ற சின்ன பிளாஸ்டிக் ஆர்ச் விளிம்பு போதும், தகரத்தை வெட்ட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ரப்பர் கோனைப் பாருங்கள். பழைய கோன் வருடக்கணக்கில் அமுங்கி காரைத் தாழ்த்தியிருக்கும். தாழ்ந்த காரில் எந்த டயரும் உரசும், பழி வீல் மேல் விழும். கோன் புதிதாகப் போட்டு கொஞ்சம் ஓடி உட்கார்ந்த பிறகு உயரத்தை அளந்து கொள்ளுங்கள்.

உரசுகிறதா என்று பார்க்க சாக்பீஸ் போதும். டயரின் தோள் பகுதியில், உள்பக்கமும் வெளிப்பக்கமும், கனமாகச் சாக்பீஸ் தேயுங்கள். பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வேகத்தடையில் மெதுவாக ஒரு வீலை ஏற்றி இறக்குங்கள். இடமும் வலமும், முன்னோக்கியும் ரிவர்ஸிலும். அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் ஆர்ச்சின் பின் ஓரத்து மடிப்பு, உள்ளே டை பார், பின்னால் ஆர்ச் விளிம்பு. இந்த இடங்களில் வெள்ளைத் தடம் இருந்தால் அங்கே தொடுகிறது. பிரேக் ஹோஸ் பக்கம் தடம் தெரிந்தால் அந்த வீலோடு ரோட்டுக்கே போகக் கூடாது.

இத்தனை செலவு இப்போது வேண்டாம் என்றால் 10-இலேயே இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. 1964, 1965, 1967 மான்டி கார்லோ ராலியை மினி வென்றது பத்து அங்குல வீலில்தான். உங்கள் மூன்றரை அங்குல ரிம்முக்கு 145/80ஆர்10. ஐந்து அங்குல அகல 10 அலாய் வாங்கினால் 165/70ஆர்10 போடலாம். அதன் விட்டம் 485, பழையதோடு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டரும் கியரும் அப்படியே இருக்கும், பிடிப்பு நன்றாகவே கூடும். உள்ளே 7.5 டிஸ்க் வைத்தால் மலை இறக்கத்துக்கும் வழி ஆயிற்று. ஆனால் கேலிப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளி இருக்கிறதா என்று வாங்கும் முன் மாட்டிப் பாருங்கள், எல்லா 10 அலாயிலும் இருக்காது. டயரில் இரண்டு எச்சரிக்கை. டிரெய்லருக்கென்று குறிப்பிட்டு வரும் 10 அங்குல டயர் காருக்கு வேண்டாம். அப்புறம், இந்த அளவு மெதுவாக விற்பதால் கடையில் பழைய சரக்கு கிடக்கும். சைட்வாலில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது.

எந்த அலாய் வாங்கினாலும் நட்டையும் அந்த ரிம்மோடு சேர்த்து வாங்குங்கள். ஸ்டீல் ரிம் நட்டின் கூம்பு அலாய்க்குப் பொருந்தாது, சிலவற்றுக்கு நீள ஸ்டட்டும் வேண்டும். மினியின் ஸ்டட் எட்டில் மூன்று அங்குல யு.என்.எஃப். மரை, மில்லிமீட்டர் நட்டைத் திணித்தால் மரை போய்விடும். ஏர் கன் வேண்டாம். கையால் குறுக்குக் குறுக்காக 60 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கி, எண்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஆறியிருக்கும்போது திரும்ப ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். காற்று 10 அங்குலத்துக்கு முன்னால் 28 பி.எஸ்.ஐ., பின்னால் 26. 145/70 பன்னிரண்டுக்கு நாலிலும் 28.